சாகா: இரண்டு கொடிகளுக்கு நடுவே ஒரு குழந்தை

போன தீபாவளிக்கு இளைய மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். மாப்பிள்ளை கன்னடக்காரர். எங்களைப் போல அவரும் சமணர்தான். சமயம் ஒன்று, வீட்டு மொழி வேறு. ஆறு வயதுப் பேரன் என்னிடம் தமிழிலும் அவன் அப்பாவிடம் கன்னடத்திலும் பேசுவான். மகாவீரர் வீடுபேற்றுப் பூசை முடிந்து எல்லாரும் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்த நேரம், நான் சும்மா விளையாட்டாகக் கேட்டேன்: “ஏண்டா, நீ தமிழனா, கன்னடக்காரனா?”

பையன் அப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. அன்று முழுக்க என்னிடம் அவன் எந்த மொழியிலும் பேசவில்லை.

மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது ஒரு படக்கதைப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். “படிச்சுப் பாருங்கப்பா. இது பெரியவங்க படிக்கிற புத்தகம்தான்” என்றாள். அந்தப் புத்தகத்தின் பெயர் ‘சாகா’. அது ஒரு விண்வெளிப் போர்க்கதை. பாத்திரக் கடைக்காரனுக்கு, அதுவும் அறுபதைத் தாண்டியவனுக்கு, காமிக்ஸா என்று அன்பர்கள் சிரிக்கக்கூடும். நானும் சிரித்துக்கொண்டேதான் பிரித்தேன். முடித்தபோது சிரிப்பு இல்லை. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் அதில் நிறைய இருப்பதாகப் பட்டதால், எனக்கு விளங்கிய வரை இங்கே எழுதுகிறேன்.

விண்வெளி வீரகதை

‘ஸ்பேஸ் ஓபரா’ என்று ஒரு கதை வகை உண்டு. ஓபரா என்றதும் பாட்டுக் கச்சேரி என்று எண்ண வேண்டாம். அமெரிக்க வானொலியில் சோப்புக் கம்பெனிகளின் விளம்பரத்தோடு வந்த குடும்பத் தொடர்களை ‘சோப் ஓபரா’ என்று கேலியாகச் சொன்னார்கள். அதே கேலியை 1941இல் வில்சன் டக்கர் என்ற எழுத்தாளர் மலிவான விண்வெளிக் கதைகள்மேல் ஒட்டினார். காலப்போக்கில் கேலி போய்ப் பெயர் மட்டும் நிலைத்தது. கிரகம் விட்டுக் கிரகம் பாயும் கப்பல்கள், பேரரசுகள், பெரும் போர்கள் இவையே இவ்வகையின் இலக்கணம். விண்வெளி வீரகதை என்று தமிழில் சொல்லலாம்.

நம் தலைமுறைக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1934இல் அலெக்ஸ் ரேமண்ட் வரையத் தொடங்கிய பிளாஷ் கார்டன் இந்திரஜால் காமிக்ஸ் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். ஒரே புத்தகத்தை எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் படித்தது இன்றும் நினைவிருக்கிறது. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தைச் சொல்லவே வேண்டாம்.

அந்தக் கதைகளில் ஒரு வசதி இருந்தது. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நாமும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு நிம்மதியாகப் படிக்கலாம். ‘சாகா’ அந்த நிம்மதியைத் தருவதில்லை.

‘சாகா’வை எழுதுபவர் பிரையன் கே. வாகன் என்ற அமெரிக்கர். வரைபவர் ஃபியோனா ஸ்டேபிள்ஸ் என்ற கனடா நாட்டுப் பெண்மணி. முதல் இதழ் 2012 மார்ச்சில் வந்தது. 44 பக்கம், விலை 2.99 டாலர். சாதாரண இதழைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பக்கம்; வியாபாரக் கண்ணுக்கு இது நல்ல தொடக்கம் என்று தெரியும். வெளியிடுவது இமேஜ் காமிக்ஸ். 1992இல் ஓவியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய இந்த நிறுவனத்தில் கதையின் உரிமை படைத்தவர்களிடமே இருக்கும். 2013இல் இத்தொடரின் முதல் தொகுதி அறிவியல் புனைவுக்கான ஹியூகோ பரிசைப் பெற்றது. அதே ஆண்டு படக்கதை உலகின் ஐஸ்னர் விருதுகளில் சிறந்த புதிய தொடர், சிறந்த தொடர், சிறந்த எழுத்தாளர் ஆகிய மூன்றும் இதற்கே கிடைத்தன.

‘சாகா’ என்றால் மேலைநாட்டு வழக்கில் நெடுங்கதை. நம் காதுக்கோ ‘சாகா வரம்’ என்பதில் வரும் சாகா. இந்தக் கதையில் சாகாமல் இருப்பது எது என்று பார்த்தால், அது போர்தான்.

கதைக்களம்

லேண்ட்ஃபால் என்பது அண்டத்திலேயே மிகப் பெரிய கிரகம். அதன் மக்களுக்கு முதுகில் சிறகு உண்டு. எந்திரமும் துப்பாக்கியும் அவர்கள் பலம். அந்தக் கிரகத்தின் ஒரே சந்திரன் ரீத். அங்குள்ளவர்களுக்குத் தலையில் கொம்பு. மந்திரம் அவர்கள் பலம். கிரகத்துக்கும் அதன் சந்திரனுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போர். எதற்காகத் தொடங்கியது என்பதில் கதை நேரத்தைச் செலவிடுவதில்லை. சண்டை போடுகிறவர்களும் அதைப் பற்றிப் பெரிதாகக் கேட்டுக்கொள்வதில்லை.

லேண்ட்ஃபாலின் படைவீராங்கனை அலனா. ரீத்தின் படைவீரன் மார்க்கோ. கிளீவ் என்ற கிரகத்தில் மார்க்கோ தானாகவே ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைகிறான். சிறையில் அவனுக்குக் காவல் நிற்பவள் அலனா. இருவரும் காதலித்து, ஓடிப்போய், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். கதையின் முதல் பக்கத்திலேயே பிரசவ வலி. பிறக்கும் பெண் குழந்தைக்குக் கொம்பும் உண்டு, சிறகும் உண்டு. பெயர் ஹேசல். பிறந்து சற்று நேரம்கூட ஆகவில்லை, இரண்டு பக்கத்துப் படைகளும் அந்த இடத்துக்கே வந்து ஒன்றையொன்று கொன்று தீர்க்கின்றன. நடுவில் மூவரும் தப்பிக்கிறார்கள். அதிலிருந்து கதை முழுக்க ஓட்டம்தான்.

கதையைச் சொல்பவள் வளர்ந்து பெரியவளான ஹேசல். அவள் சொல்லும் வரிகள் மட்டும் கட்டத்துக்குள் அடைபடாமல், ஓவியரின் சொந்தக் கையெழுத்தில் படத்தின்மேலேயே ஓடுகின்றன. மற்றவர் பேச்செல்லாம் அச்செழுத்து. பிள்ளையின் குரல் மட்டும் கையெழுத்து. தான் முதுமை வரை வாழப்போவதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறாள். அந்த முதுமை தனக்குக் கிடைக்க மற்றவர் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான் அவள் சொல்லும் கதை.

வெளியே தள்ளிவிட்ட போர்

இத்தொடரில் எனக்கு மிகவும் உறைத்த செய்தி ஒன்று உண்டு. லேண்ட்ஃபாலும் ரீத்தும் இப்போது தங்கள் மண்ணில் சண்டையிடுவதில்லை. ஒன்றை அழித்தால் மற்றது சுற்றுப்பாதை தவறி வெளியே வீசப்பட்டுவிடும். கிரகமும் சந்திரனும் ஒன்றுக்கொன்று பிணை. ஆகவே போரை மற்றக் கிரகங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கெங்கோ இருக்கும் மக்கள் எல்லாம் ‘நீ எந்தப் பக்கம்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை. தலைநகரத்தில் கடைத்தெரு அமைதியாக நடக்கிறது. சாவு மட்டும் வெளியூரில்.

இதைப் படித்ததும் எங்கள் ஸ்ரீபுராணத்தில் வரும் பரதன், பாகுபலி வரலாறு நினைவுக்கு வந்தது. ஆதிநாதரின் மக்கள் இவ்விருவரும் நாட்டுக்காகப் படை திரட்டி எதிரெதிரே நின்றார்கள். அப்போது இரு தரப்பு அமைச்சர்களும் கூடி யோசித்தார்கள். அண்ணன் தம்பி வழக்குக்கு ஊரான் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்? நீங்கள் இருவர் மட்டும் மோதுங்கள் என்று பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என்று மூன்றை வகுத்துக் கொடுத்தார்கள். மூன்றிலும் தம்பி பாகுபலி வென்றான். வென்ற அந்தக் கணத்திலேயே எல்லாவற்றையும் துறந்தான். சிரவணபெளகொளாவில் வானளாவ நிற்பது அந்தத் துறவுதான்.

அந்த அமைச்சர்கள் போரைச் சுருக்கி இரண்டு பேருக்குள் அடக்கினார்கள். ‘சாகா’வின் அரசுகளோ போரை விரித்து, தாங்கள் மட்டும் அதற்கு வெளியே நின்றுகொண்டன. வழக்கு யாருடையதோ அவர்களைத் தவிர மற்ற எல்லாரும் சாகிறார்கள்.

இதற்கு உயிருள்ள சான்று, இல்லை, உயிரில்லாத சான்று, இசபெல் என்ற பாத்திரம். கிளீவ் கிரகத்துச் சிறுமி. யாரோ புதைத்த கண்ணிவெடியில் இடுப்புக்குக் கீழே போய், பாதி உடம்பு ஆவியாகத் திரிகிறாள். போரிடும் இரண்டு இனங்களில் அவள் எதுவுமில்லை. ஆனால் செத்தது அவள். அந்த ஆவிதான் ஹேசலுக்குத் தாதியாகி இரவெல்லாம் தூங்கவைக்கிறது. போரால் செத்த குழந்தை, போருக்கு நடுவே பிறந்த குழந்தையை வளர்க்கிறது. இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது வழி

இரண்டு பக்கமும் பற்று உள்ளவன் என்ன செய்வான்? நம் மரபு இதற்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. ஒன்று கும்பகர்ணன் வழி. அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடன் கழிக்கப் போர்க்களம் போனான். மற்றொன்று விபீடணன் வழி. தவறு என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தான். இந்த இருவரில் யார் சரி என்று நாம் பட்டிமன்றம் வைத்துக் கைதட்டிப் பழகியிருக்கிறோம்.

அலனாவும் மார்க்கோவும் இந்த இரண்டையும் செய்யவில்லை. அலனா ரீத்துக்குக் கட்சி மாறவில்லை. மார்க்கோ லேண்ட்ஃபாலுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. இருவரும் களத்தை விட்டே வெளியேறினார்கள். கட்சி மாறுகிறவனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள். அவனால் லாபம் உண்டு. வெளியேறுகிறவனை யாரும் மன்னிப்பதில்லை. ‘இந்த ஆட்டமே வேண்டாம்’ என்று சொல்லிவிட்டான் அல்லவா?

இதனால்தான் ஒரு பச்சைக் குழந்தையை இரண்டு பேரரசுகளும் வேட்டையாடுகின்றன. லேண்ட்ஃபால் தன் கூட்டாளியான எந்திர மனிதர் நாட்டு இளவரசரை அனுப்புகிறது. ரீத் கூலிக் கொலையாளிகளை அமர்த்துகிறது; தாய் தகப்பனைக் கொல், குழந்தையை உயிரோடு கொண்டு வா என்பது உத்தரவு. ஒருவரையொருவர் அழிக்கத் துடிக்கும் இரு தரப்பும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இப்படி ஒரு குழந்தை இருக்கிறது என்று ஊருக்குத் தெரியக் கூடாது. செய்தியைத் துப்பறியும் இரண்டு பத்திரிகைக்காரர்களின் வாயையும் கட்டிவிடுகிறார்கள்.

ஏன் இத்தனை பயம்? ‘அவர்களோடு நாம் சேர்ந்து வாழவே முடியாது’ என்ற முதலீட்டில்தான் போர் நடக்கிறது. ஹேசல் உயிரோடு நடமாடினால் அந்தக் கணக்கு பொய்க்கணக்கு என்று வெளியே வந்துவிடும். எதிரியின் பீரங்கியைவிட ஒரு குழந்தையின் கொம்பும் சிறகும் அவர்களுக்கு ஆபத்து.

துரத்துகிறவர்களும் மனிதர்களே

மோசமான எழுத்தாளராக இருந்தால் துரத்துகிறவர்களை அரக்கர்களாக்கி விட்டிருப்பார். வாகன் அப்படிச் செய்யவில்லை. எந்திர இளவரசருக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டெலிவிஷன் பெட்டி. போர்க்களத்திலிருந்து திரும்பிய கையோடு, மனைவி கருவுற்றிருக்கும் சமயத்தில், அவரை இந்த வேட்டைக்கு அனுப்புகிறார்கள். தன் குழந்தை பிறக்கும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்காக இன்னொருவர் குழந்தையைத் துரத்துகிறார். மறைக்க நினைப்பதெல்லாம் சில வேளை அந்தத் திரையில் படமாக ஓடிவிடுகிறது. வாய் பேசுவது ஒன்று, திரை காட்டுவது வேறு. கடமைக்கும் மனசுக்கும் நடுவே பிளந்துபோன மனிதனை இதைவிடச் சுருக்கமாக வரைய முடியாது.

கூலிக் கொலையாளியான தி வில் என்பவனோடு ஒரு பெரிய பூனை வரும். யார் பொய் சொன்னாலும் ‘பொய்’ என்று சொல்லிவிடும். அதற்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அடிமையாக விற்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட ஒரு சிறுமி, தான் அழுக்காகிவிட்டவள் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறாள். பக்கத்தில் படுத்திருந்த பூனை அதையும் பொய் என்கிறது. நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மார்க்கோவின் தாய் கிளாராவும் கவனிக்கத்தக்கவர். சிறகுக்காரர்களைப் பகைவர் என்றே நினைத்து வாழ்ந்த பழைய போர்வீராங்கனை. மருமகளை முதலில் கண்கொண்டு பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் பேத்தியைத் தூக்கிய கைக்கு வாள் கனக்க ஆரம்பிக்கிறது. கொள்கையால் மாறியவர் அல்ல அவர். பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி மாறியவர். நம் வீடுகளில் கலப்பு மணங்கள் கடைசியில் ஏற்கப்படுவதும் பெரும்பாலும் இப்படித்தான் அல்லவா?

மார்க்கோவின் விரதம்

மார்க்கோ இனி வாளை எடுப்பதில்லை என்று விரதம் பூண்டவன். ஆனால் மனைவிக்கும் குழந்தைக்கும் ஆபத்து வரும்போது விரதம் உடைகிறது. வாளை உருவியவன் வெறிகொண்டு வெட்டுகிறான். அலனாதான் தடுத்து நிறுத்துகிறாள். பிறகு ஒரு கட்டத்தில், பிழைப்பின் நெருக்கடியில் வீட்டுக்குள்ளேயே சண்டை முற்றி, கையிலிருந்த சாமான் பையை மனைவிமேல் வீசி எறிகிறான். போரை விட்டு ஓடி வந்தவன் வீட்டுக்குள் போர் எப்படி நுழைந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

சமண அறநூல்கள் கொல்லாமையைப் பேசும்போது ஹிம்சையை நான்காகப் பிரிக்கின்றன. மனதறிந்து செய்வது, வீட்டு வேலைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தான் அறவே விட வேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். இது அணுவிரதம். நான்கையும் விடுவது துறவியின் மகாவிரதம். மார்க்கோவின் சிக்கல் எனக்கு இப்படித்தான் விளங்கிற்று. அவன் எடுத்தது துறவியின் விரதம். வாழ்வதோ இல்லறத்தானின் வாழ்க்கை. பாகுபலிக்குத் தோளில் கொடி படர நிற்க முடிந்தது. தூக்கிச் சுமக்க அப்போது அவன் கையில் குழந்தை இல்லை.

அதற்காக அந்த விரதம் வீண் என்று இந்தக் கதை சொல்லவில்லை. தவறுகிறான், வெட்கப்படுகிறான், மறுபடி எடுத்துக்கொள்கிறான். கடையில் தராசு ஒரு நாள் சாய்ந்தது என்பதற்காகத் தராசையே தூக்கி எறிந்துவிடுகிறோமா?

முடிவைச் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். 2018 ஜூலையில் வந்த 54ஆம் இதழில் மார்க்கோ கொல்லப்படுகிறான். அத்தோடு தொடரை நிறுத்திவைத்தார்கள். மூன்றரை ஆண்டு கழித்து 2022 ஜனவரியில் 55ஆம் இதழ் வந்தபோது ஹேசலுக்குப் பத்து வயது. அலனா தனியாக அவளை வளர்க்கிறாள். களத்தை விட்டு வெளியேறுவதற்கும் விலை உண்டு, அது மலிவான விலை அல்ல என்பதை ஆசிரியர்கள் மறைக்கவில்லை. அதனால்தான் இதை நம்ப முடிகிறது.

நீல எழுத்து

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ரீத் மக்கள் தம் மொழியில் பேசும் இடங்களில் பேச்சு நீல எழுத்தில் வருகிறது, மொழிபெயர்ப்பு கிடையாது. ஏதோ கற்பனை மொழி என்று நினைத்தேன். உண்மையில் அது எஸ்பெராண்டோ. சாமென்ஹாஃப் என்ற கண் மருத்துவர் 1887இல் வெளியிட்ட செயற்கை மொழி. அவர் பிறந்த பியாவிஸ்டோக் நகரத்தில் ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் ஆகியோர் தனித்தனி மொழி பேசிக்கொண்டு ஒருவரையொருவர் சந்தேகித்து வாழ்ந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தால் பகை குறையுமே என்பது அவர் எண்ணம்.

சமாதானத்துக்காகவே செய்த மொழியை இந்தப் படக்கதை எதிரியின் மொழியாக வைத்திருக்கிறது. எந்த மொழியும் தானாகப் பகைமொழி ஆவதில்லை. கேட்பவனுக்குப் புரியாதபோது அப்படி ஒலிக்கிறது, அவ்வளவுதான். வேற்று மாநிலத்தில் முதன்முதலாக ரேஷன் கடை வரிசையில் நின்ற எவருக்கும் இது தெரியும்.

மறைத்த சிறகு

கதையின் நடுப்பகுதியில் ஹேசலும் பாட்டி கிளாராவும் லேண்ட்ஃபாலின் காவல் முகாமில் அடைபடுகிறார்கள். கொம்புள்ள கைதிக் குழந்தை என்று மட்டும்தான் அங்கே தெரியும். சிறகை உடைக்குள் மறைத்தே குழந்தை வளர்கிறாள். ஒரு நாள் தனக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையை நம்பி, சட்டையை விலக்கிச் சிறகைக் காட்டுகிறாள். பார்த்த ஆசிரியை மயங்கி விழுகிறார். ஐந்து வயதுப் பிள்ளை தன் பாதி உடம்பை ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டதை எந்த வசனமும் இல்லாமல் ஓவியர் காட்டியிருக்கிறார்.

அந்தப் பக்கத்தில்தான் என் பேரனின் முகம் தெரிந்தது. அன்று நான் கேட்ட கேள்விக்கு அவன் எதைச் சொல்லியிருந்தாலும் ஒன்றை ஒளித்துவைத்திருக்க வேண்டும். அப்பா பக்கத்தில் இருக்கும்போது ஒன்று, தாத்தா பக்கத்தில் இருக்கும்போது வேறொன்று.

அது மட்டுமல்ல. நான் மறந்திருக்கக் கூடாத ஒன்றும் உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள்மேல் வன்முறை நடந்ததே, அப்போது நாங்கள் அங்கேதான் இருந்தோம். இந்த இளைய மகளுக்கு அன்று ஒரு வயது நிரம்பவில்லை. சாயங்காலம் தெருமுனையில் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள் வந்து, குழந்தையை என் மனைவி கையிலிருந்து வாங்கிக்கொண்டு, எங்களையும் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். வந்தவர்கள் கதவைத் தட்டி விசாரித்தார்கள். அந்த அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “இது நம்ம மகு” என்றார். இது எங்கள் குழந்தை என்று பொருள். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

அந்தப் பூனை அங்கே இருந்திருந்தால் ‘பொய்’ என்று சொல்லியிருக்குமா? சொல்லியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த அம்மாளும் அன்று கட்சி மாறவில்லை. காவிரியைப் பற்றி அவருக்கு என்ன கருத்தோ, நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்த ஒரு சாயங்காலம் அவர் களத்தை விட்டு வெளியேறி வாசலில் நின்றார். ஒரு மொழிக்காரி கையில் பிழைத்த இன்னொரு மொழிக் குழந்தை என் மகள். அவள் பெற்ற பிள்ளையிடம் நான் ‘நீ யார் பக்கம்?’ என்று கேட்டிருக்கிறேன். மகள் ஏன் வாதம் செய்யாமல் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

படிக்க விரும்புவோருக்கு

காமிக்ஸ் என்ற பெயரைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். இது வயது வந்தோருக்கான நூல். உடலுறவு, இரத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் தாராளமாகவே உண்டு. முதல் இதழின் அட்டையில் தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கும் படத்துக்கே அங்கே முணுமுணுப்பு எழுந்தது. 2014ஆம் ஆண்டுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, அதிக எதிர்ப்புக்கு உள்ளான நூல்களின் பட்டியலில் ‘சாகா’வும் இடம்பெற்றது. எனக்கும் பல பக்கங்கள் சங்கடமாக இருந்தன. அவற்றைத் தாண்டித்தான் படித்தேன். பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம், குறையொன்றுமில்லை.

ஆறு இதழ்கள் சேர்ந்து ஒரு தொகுதியாக வருகிறது. முதல் தொகுதியைப் படித்தாலே கதையின் போக்கு பிடிபடும். மொத்தம் 108 இதழ்கள் என்பது ஆசிரியரின் திட்டம். 54ஆம் இதழ் சரிபாதி. 108 என்ற எண் நமக்குப் பழக்கமான எண்தான். அவர்கள் அதை எண்ணிச் செய்யவில்லை. நான்தான் செபமாலையை நினைத்துக்கொண்டேன்.

முடிவாக ஒன்று. பற்று கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்ப் பற்று இல்லாமலா இந்த மலரில் எழுதுகிறேன்? நாம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். திருக்குறளும் நாலடியாரும் அவர்கள் காதில் விழத்தான் வேண்டும். ஆனால் கொடுப்பது வேறு, கணக்குக் கேட்பது வேறு. சிறகைக் கொடுத்தவர்கள் கொம்பை வெட்டச் சொல்லக் கூடாது.

பொங்கலுக்குப் பேரன் மறுபடி வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குக் கூட்டிப்போய்ச் சின்ன வெண்கலப் பானை ஒன்றைக் கையில் கொடுத்தேன். தட்டிப் பார்த்துவிட்டு, இதற்குத் தமிழில் என்ன பேர் என்று அவனே கேட்டான். சொன்னேன். கன்னடத்தில் என்ன என்பதை அவன் எனக்குச் சொன்னான்.